கடைமடை வரை ரத்தம் வந்ததா? குடல் அறுவை சிகிச்சையில் ஒளிரும் சாயம்

குடலிறக்கத்தில் குடல் சிக்கி இறுகிப்போய், நடு இரவில் ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கலை விடுவித்ததும் குடலில் ஒரு முழம் கருநீலமாகக் கிடக்கிறது. மருத்துவர் உடனே கத்தியை எடுக்க மாட்டார். வெதுவெதுப்பான சலைன் நீரில் நனைத்த துணியால் அந்தக் குடலைச் சுற்றி வைப்பார். மயக்க மருந்து மருத்துவரிடம் முழு ஆக்சிஜன் கொடுக்கச் சொல்வார். அப்புறம் பத்து நிமிடம் காத்திருப்பார். துணியை விலக்கும்போது நீலம் மாறி இளஞ்சிவப்பு வந்திருக்கிறதா, மேலே பளபளப்பு திரும்பியிருக்கிறதா, லேசாகத் தட்டினால் குடல் நெளிகிறதா, அதற்குப் போகும் ரத்தக்குழாயில் துடிப்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். இவை இருந்தால் குடலை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். இல்லையென்றால் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

நிறம், துடிப்பு, நெளிவு. அறுவை சிகிச்சை படிக்கும் மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்படும் அடையாளங்கள் இவை. நன்றாக இருக்கும் குடலையும் முழுக்க அழுகிப்போன குடலையும் இவற்றை வைத்தே பிரித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குடல்தான் ஆளைத் திணறடிக்கிறது. தேவைக்கு மேல் வெட்டினால், நோயாளி மிச்சமிருக்கும் குட்டைக் குடலை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சத்துக் குறைவோடு போராட வேண்டிவரலாம். குறைவாக வெட்டினால், உள்ளே விட்ட பகுதி ஓரிரு நாளில் செத்து ஓட்டை விழலாம். அதனால்தான் சந்தேகமான நேரங்களில் 24 முதல் 48 மணி நேரம் கழித்து வயிற்றை மறுபடி திறந்து பார்ப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனிலும் இதே கேள்வி வருகிறது. மலக்குடலில் புற்றுநோய் என்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெருங்குடலின் முனையைக் கீழே இழுத்து மிச்சமிருக்கும் மலக்குடலோடு சேர்ப்பார்கள். பெரும்பாலும் வட்ட வடிவ ஸ்டேப்ளர் கருவியால் ஒரே அழுத்தில் இணைப்பு முடிந்துவிடும். அந்த வளையம் ஆறுமா என்பது அடுத்த ஒரு வாரத்தில்தான் தெரியும். ஆறாமல் பிரிந்தால் மலம் வயிற்றுக்குள் கசியும். காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு, வயிற்று வலி, பிறகு மறுபடி ஆபரேஷன், ஐ.சி.யு., மலம் வெளியேற வயிற்றில் பை, தள்ளிப்போகும் கீமோதெரபி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிலர் உயிரிழக்கிறார்கள். பெருங்குடலின் மேற்பகுதியில் போடும் இணைப்புகளில் இந்தக் கசிவு நூற்றில் சிலருக்குத்தான் வருகிறது. ஆசனவாய்க்குப் பக்கத்தில், தாழ்வாகப் போடும் இணைப்புகளில் பத்துப் பேரில் ஒருவருக்கும் அதற்கு மேலும் வருகிறது. புற்றுநோயிலிருந்து தப்பிவிட்டோம் என்று குடும்பம் மூச்சு விடும் நேரத்தில் வரும் அடி இது.

இணைப்பு ஆறுவதற்கு வேண்டிய முதல் விஷயம் ரத்த ஓட்டம். இதைப் புரிந்துகொள்ள டெல்டா மாவட்டத்து வாய்க்காலை நினைத்துக்கொண்டால் போதும். பெருங்குடலுக்கு இரண்டு பெரிய தமனிகளிலிருந்து ரத்தம் வருகிறது. ஒன்று மேலே வலது பக்கத்தையும் நடுப்பகுதியையும் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று கீழே இடது பக்கத்தையும் மலக்குடலின் மேற்பகுதியையும் பார்த்துக்கொள்கிறது. குடலின் ஓரமாகவே ஓடும் ஒரு மெல்லிய குழாய் இரண்டையும் இணைக்கிறது. மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனில் நிணநீர்க் கட்டிகளைச் சேர்த்து எடுப்பதற்காகக் கீழ்த் தமனியை அதன் தொடக்கத்திலேயே கட்டிவிடுவது வழக்கம். கீழ் மதகை அடைத்தாயிற்று. இனி இடது பக்கக் குடல் முழுக்க மேல் ஆற்றிலிருந்து அந்த ஓர வாய்க்கால் வழியாக வரும் தண்ணீரை நம்பித்தான் பிழைக்க வேண்டும். நாம் கீழே இழுத்து இணைக்கப்போகும் முனை அந்த வாய்க்காலின் கடைமடை.

பலருக்குக் கடைமடை வரை தாராளமாகவே வந்து சேருகிறது. சிலருக்கு, மண்ணீரலுக்கு அருகே குடல் திரும்பும் வளைவில் அந்த ஓரக் குழாய் மிகவும் மெலிந்தோ அறுபட்டோ இருக்கும். வயதானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் குழாய்க்குள் கொழுப்பு படிந்து ஓட்டம் குறைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் குடல் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். வெட்டிய முனையில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். துடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் விரல் வைத்துத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. திரையில் தெரியும் நிறத்தைத்தான் நம்ப வேண்டும், அந்த நிறமும் கேமராவுக்குக் கேமரா கொஞ்சம் மாறும்.

மருத்துவரின் கண்ணையும் அனுபவத்தையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்று நெதர்லாந்தில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. முடிவு 2009ல் வெளியானது. ஆபரேஷன் முடியும் தறுவாயிலேயே, இந்த இணைப்பு கசிய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர்களைக் குறித்துக்கொடுக்கச் சொன்னார்கள். பிறகு யாருக்கெல்லாம் கசிந்தது என்று ஒப்பிட்டார்கள். அந்தக் கணிப்புக்குக் கசிவை முன்கூட்டிச் சொல்லும் திறன் குறைவு என்றுதான் தெரியவந்தது. இதில் யாருடைய கைத்திறமையையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. திசுவுக்குள் நுண்குழாய்களில் ரத்தம் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அதைப் பார்க்க உதவுவது இந்தோசயனின் கிரீன் என்ற சாயம். தியேட்டரில் ஐசிஜி என்றுதான் சொல்வார்கள். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது குடலுக்காகப் பிறந்ததே இல்லை. கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் புகைப்படத் தொழிலுக்காக உருவான சாயம் இது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இர்வின் ஃபாக்ஸ் என்ற மருத்துவர், இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க ஒரு சாயம் தேடிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடினாலும் குறைந்தாலும் அளவு தப்பாத சாயமாக அது இருக்க வேண்டும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினும் ஒளியை ஒரே அளவில் உறிஞ்சுகின்றன. சரியாக அந்த அலைநீளத்தில் ஒளியை வாங்கும் சாயம் ஐசிஜி. 1957ல் அதைப் பற்றி எழுதினார்கள். 1959ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. முதலில் இதயத்துக்கு, அப்புறம் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, 1970களில் கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்களைப் படமெடுக்க என்று பயணம் போய், அறுவை சிகிச்சைக்குள் பெரிய அளவில் வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

பெயரில் பச்சை இருக்கிறது, பொடியும் கரும்பச்சைதான். ஆனால் அது வீசும் ஒளி பச்சை இல்லை. சுமார் 800 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் அது சுமார் 830 நானோமீட்டரில் ஒளியைத் திருப்பித் தருகிறது. நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தருகிறது. கேமராதான் அதைப் பிடித்துத் திரையில் பச்சையாகப் பூசிக் காட்டுகிறது. அந்தப் பச்சை, கருவி செய்தவர்கள் தேர்ந்தெடுத்த நிறம். சில கேமராக்கள் அதையே நீலமாகக் காட்டும்.

இந்த அலைநீளத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதற்குக் கீழே உள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. வெகுவாக மேலே போனால் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. நடுவில் 700 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அதன் வழியாக ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் போய்த் திரும்ப முடியும். குடல் சுவர் மெல்லியது என்பதால் அந்தச் சில மில்லிமீட்டரே போதும். மேலே கொழுப்பு தடிமனாக மூடியிருந்தால் மட்டும் ஒளி மங்கும்.

தியேட்டரில் நடப்பதைப் பார்ப்போம். 25 மில்லிகிராம் பொடியாகக் குப்பியில் வரும் சாயத்தை ஊசிக்கான சுத்தத் தண்ணீரில் கரைக்க வேண்டும். வழக்கமாகக் கைக்கு வரும் சலைனில் கரைத்தால் சாயம் சரியாகக் கரையாமல் திரளும். கரைத்ததை ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அறுவை மருத்துவர் குடலை எங்கே வெட்டுவது என்று தன் கண்ணால் பார்த்து முதலில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லி, சில மில்லிகிராம் சாயத்தைக் கை நரம்பு வழியாக ஏற்றச் சொல்வார். தியேட்டர் விளக்குகளை அணைத்துவிடுவார்கள், அவற்றின் வெளிச்சம் கேமராவைக் குழப்பும். கேமரா மாறுகிறது, திரை இருட்டாகிறது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் பச்சை வர ஆரம்பிக்கும். முதலில் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பிறகு குடல் சுவர் முழுக்க நிறையும். அது ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிட்டால், அதற்கு அப்பால் இருட்டு. மருத்துவர் குறித்த இடம் அந்த இருட்டுக்குள் விழுந்தால், வெட்டும் இடத்தை மேலே நகர்த்திவிடுவார்.

சாயம் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குழாய்க்குள்ளேயே சுற்றும். கல்லீரல் அதை வேகமாகப் பிடித்துப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகிக்கொண்டே போகும். அதனால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கொடுத்து, இணைப்பு போட்ட பிறகும் ஒருமுறை பார்க்க முடிகிறது. சாயம் ஏறியதும் விரலில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் மானி சில நொடிகள் குறைவாகக் காட்டும். நோயாளிக்கு உண்மையில் ஆக்சிஜன் குறையவில்லை, சாயம் மானியின் ஒளியை இடையில் பிடித்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது. அயோடின் கலந்த தயாரிப்பு என்பதால் அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். மற்றபடி பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து இது, மோசமான எதிர்வினை மிக அரிது.

இணைப்பு போட்ட பிறகு வழக்கமாகச் செய்யும் இன்னொரு சோதனையும் உண்டு. இடுப்புக் குழிக்குள் தண்ணீர் நிரப்பி, ஆசனவாய் வழியாகக் காற்றை ஊதி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் தேடுவது போலத்தான். இந்தச் சோதனையும் ஒளிச் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. குமிழிச் சோதனை இன்றைக்கு ஓட்டை இருக்கிறதா என்று சொல்கிறது. ஒளிச் சோதனை, ரத்தமில்லாத திசு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அழுகி ஓட்டையாக வாய்ப்பிருக்கிறதா என்று கேட்கிறது.

இனி, பச்சையைப் படிப்பதில் உள்ள சிக்கலுக்கு வருவோம். இந்தப் படத்தைப் பார்க்கும் யாரும் முதலில் ஏமாறக்கூடிய இடம் நேரம்தான். வாய்க்காலில் தண்ணீர் வராத வயலும் பக்கத்து வயலிலிருந்து ஊறிய ஈரத்தால் மெல்ல நனைந்துவிடும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு வயலும் ஈரமாகத்தான் தெரியும். குடலிலும் அதேதான். தன் சொந்தக் குழாய் வழியாக ரத்தம் கிடைக்காத பகுதிக்கும், பக்கத்துப் பகுதியின் நுண்குழாய்கள் வழியாகச் சாயம் சில நிமிடங்களில் ஊர்ந்து வந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாமே பச்சை. ஆகவே எவ்வளவு பச்சை என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் பச்சை என்பதுதான் முக்கியம். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில், இரண்டு பக்கத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இதைக் கவனிக்காதவருக்கு இந்தக் கருவி பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும். அது கருவி இல்லாமல் இருப்பதைவிட மோசம் என்பது என் கருத்து.

அடுத்தது தூரம். கேமராவைக் குடலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் பச்சை பிரகாசமாகும், விலக்கினால் மங்கும். சாயத்தின் அளவு, நோயாளியின் ரத்த அழுத்தம், அந்த நேரத்தில் மயக்க மருந்து மருத்துவர் கொடுத்திருக்கும் மருந்து, எல்லாமே படத்தை மாற்றும். மேலும், சாயம் ரத்தம் உள்ளே வருவதைத்தான் நன்றாகக் காட்டும். வந்த ரத்தம் திரும்பிப் போக முடியாமல் தேங்கி நிற்கும் குடலும் பச்சையாகத் தெரியலாம், அதுவும் பிறகு பாதிக்கப்படலாம். இன்ன அளவுக்குக் கீழே ஒளிர்ந்தால் இணைப்பு ஆறாது என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஓர் எண் இல்லை. பெரும்பாலான தியேட்டர்களில் மருத்துவர் திரையைப் பார்த்து, போதும் அல்லது போதாது என்றுதான் முடிவு செய்கிறார். கண்ணை நம்ப முடியாது என்று தொடங்கி, கடைசியில் வேறொரு படத்தின் மேல் கண்ணையே நம்புகிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது கண் பார்ப்பது ரத்தம் வந்து சேர்வதையே.

சரி, இதனால் கசிவு குறைகிறதா? இதற்குத்தான் கடந்த பத்து ஆண்டுகளாகப் பதில் தேடுகிறார்கள். 2015ல் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லர் 2 ஆய்வு பெரும் உற்சாகத்தைக் கிளப்பியது. 139 பேரில் 8 சதவீதத்தினருக்கு, ஒளிப்படத்தைப் பார்த்து மருத்துவர் தன் திட்டத்தை மாற்றினார். கசிவு வந்தது 2 பேருக்கு மட்டும், அதாவது 1.4 சதவீதம். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க, சாயம் போடாத இன்னொரு குழு இல்லை. நோயாளிகள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களா, மருத்துவர்கள் கைதேர்ந்தவர்களா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதே வரிசையில் வந்த பில்லர் 3, சீட்டுக் குலுக்குவது போல நோயாளிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனை. தாழ்வான மலக்குடல் இணைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது. நோயாளிகள் சேர்வது குறைந்ததால் 347 பேரோடு இடையிலேயே நிறுத்தவேண்டி வந்தது. முடிவு 2021ல் வெளியானது. சாயம் போட்டவர்களில் கசிவு 9.0 சதவீதம், போடாதவர்களில் 9.6. ஏறக்குறைய ஒன்றுதான். இத்தாலியில் 2020ல் வந்த சிறிய சோதனையில் 5 சதவீதம், 9 சதவீதம் என்று வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஒதுக்கும் அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள்.

மாஸ்கோவில் 377 பேரை வைத்து நடந்த ஃபிளாக் சோதனையும் 2020ல் வெளியானது. இதில் கசிவு 16.3 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவு எங்கே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆசனவாயிலிருந்து 4 முதல் 8 சென்டிமீட்டருக்குள் போட்ட தாழ்வான இணைப்புகளில் 25.7 சதவீதம் 14.4 ஆனது. அதற்கு மேலே போட்ட இணைப்புகளில் கசிவே குறைவு என்பதால் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடைமடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, தண்ணீர் வந்ததா என்று போய்ப் பார்ப்பதன் பலனும் அவ்வளவு கூடுகிறது.

ஜப்பானில் மலக்குடல் புற்றுநோயாளிகள் 850 பேரைச் சேர்த்து நடந்த எசென்ஷியல் சோதனை 2023ல் வந்தது. போடாதவர்களில் 11.8 சதவீதம், போட்டவர்களில் 7.6 சதவீதம். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 24 பேருக்குச் சாயம் போட்டுப் பார்த்தால் ஒருவருக்குக் கசிவு தவிர்க்கப்படுகிறது. மறுபடி ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர்களும் 2.4 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தார்கள். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கடைசி எண்தான் பெரியது. எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்து தானாக ஆறிப்போகும் கசிவும் உண்டு, மறுபடி வயிற்றைத் திறக்க வைக்கும் கசிவும் உண்டு. ஓர் ஆய்வைப் படிக்கும்போது எந்தக் கசிவை எண்ணினார்கள் என்று பார்ப்பது அவசியம்.

இதோடு கேள்வி தீர்ந்தது என்று நினைக்கும்போது, 2024ல் நெதர்லாந்திலிருந்து அவாய்ட் சோதனை வந்தது. பெருங்குடல், மலக்குடல் இரண்டிலும் எல்லா வகை இணைப்புகளையும் சேர்த்து 931 பேரின் முடிவுகளை ஆராய்ந்தார்கள். 90 நாளுக்குள் கசிவு, சாயம் போட்டவர்களில் 7 சதவீதம், போடாதவர்களில் 9 சதவீதம். குறைவு இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இவை ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. வலது பக்கப் பெருங்குடலை வெட்டி இணைக்கும்போது ரத்த ஓட்டம் பெரும்பாலும் தாராளம். அங்கே பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் முடிவு பெரிதாக மாறாது. எல்லாரையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் பலன் நீர்த்துத்தான் தெரியும். மலக்குடலில், தாழ்வாக, மேல் தமனியை மட்டும் நம்பி நிற்கும் இணைப்பில் இந்தச் சாயத்தைப் பயன்படுத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது என்பதே இந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. எல்லாக் குடல் ஆபரேஷனுக்கும் கட்டாயம் என்று சொல்ல இன்னும் ஆதாரம் போதாது.

சாயம் போட்டு, பச்சையைப் பார்த்து, சரியான இடத்தில் வெட்டி இணைத்த பிறகும் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஏன் கசிகிறது? ரத்தம் ஒரு காரணம்தான் என்பதால். இணைப்பு இழுபட்டு விறைப்பாக நின்றால் பிரியும். நோயாளி சத்தில்லாமல் மெலிந்திருந்தால், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், முன்பே இடுப்பில் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், புகைபிடித்தால் ஆபத்து கூடும். ஆண்களின் குறுகிய இடுப்புக் கூட்டுக்குள் ஸ்டேப்ளரை நேராக வைப்பதே பெரும்பாடு. இவை எல்லாம் பல காலமாகத் தெரிந்தவை. இதற்கு மேல் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015ல் எலிகளில் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். குடலில் இயல்பாக வாழும் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா, காயத்தை ஒட்டவைக்கும் கொலாஜன் என்ற புரதத்தையே கரைத்து இணைப்பைப் பிரிக்க முடியும். ரத்தம் நன்றாக ஓடும் இணைப்பும் கிருமியால் கரையலாம் என்றால், எந்தக் கேமராவுக்கும் அது அன்றைக்குத் தெரியப்போவதில்லை. ஆபரேஷனுக்கு முன் குடலைச் சுத்தம் செய்வதோடு வாய்வழி ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் மறுபடி வலுப்பெற்றதற்கு இப்படிப்பட்ட சிந்தனையும் ஒரு பக்கபலம்.

சாயமே இல்லாமல் பார்க்கும் முறைகளும் வளர்கின்றன. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக் குழு பயன்படுத்தும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா, 500 முதல் 1000 நானோமீட்டர் வரை ஒளியை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால், திசுவில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது என்று எண்ணாகவே சொல்லும். இன்னொரு முறையில், குடல் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். அது மணல் தூவியது போன்ற புள்ளிக் கோலமாக விழும். அடியில் ரத்த அணுக்கள் ஓடினால் புள்ளிகள் கலங்கும், ஓடாவிட்டால் தெளிவாக நிற்கும். கலங்கலை அளந்தால் ஓட்டத்தை அளந்த மாதிரி. ஊசி வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஐசிஜி படத்தையே கணினியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் முயற்சியும் நடக்கிறது. குடலின் ஒவ்வொரு புள்ளியிலும் பச்சை எந்த நொடியில் தொடங்கியது, எவ்வளவு செங்குத்தாக ஏறியது, எப்போது உச்சம் தொட்டது என்று கோடு வரைந்தால், பிரகாசத்தைப் பாதிக்கும் கேமரா தூரம் அவ்வளவாகக் குழப்பாது. முன்பு சொன்ன ஊறிய ஈரத்தையும் ஓடிவந்த தண்ணீரையும் பிரிக்க இதுதான் நல்ல வழியாகத் தெரிகிறது. குடல் அதுவரை அசையாமல் இருக்க வேண்டும், மூச்சுக்கு மூச்சு அது ஆடிக்கொண்டே இருக்கிறது என்பது நடைமுறைச் சிரமம்.

நம் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். சாயம் நமக்குப் புதிதில்லை. கண் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் புழங்குவது, மதுரையின் ஆரோலேப் நிறுவனம் ஆரோகிரீன் என்ற பெயரில் அதைத் தயாரிக்கிறது. செலவு சாயத்தில் இல்லை, அதைப் பார்க்கும் கேமராவில் இருக்கிறது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பிடிக்கும் லேப்ராஸ்கோப்பி கேமராவும் ரோபோ கருவியும் பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. அங்கே மலக்குடல் ஆபரேஷனுக்குப் போகும் ஒருவர், இணைப்பு எவ்வளவு தாழ்வாக வரும், ரத்த ஓட்டத்தை எப்படிப் பார்ப்பீர்கள், பாதுகாப்புக்குத் தற்காலிகப் பை வைப்பீர்களா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இல்லை இவை.

ஆனால் நடு இரவில் கருநீலக் குடலோடு வரும் நோயாளி பெரும்பாலும் அந்த மருத்துவமனைக்கு வருவதில்லை. அவர் முதலில் போய்ச் சேருவது தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனை. அங்கேதான் துணி சுற்றி வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள். அவருக்காக யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஐசிஜியைவிடப் பழைய ஃபுளோரசீன். 1871ல் அடால்ஃப் வான் பேயர் தயாரித்த அந்தச் சாயமும் கண் மருத்துவத்தில் அன்றாடம் புழங்குவது, விலை குறைவு. அதன் ஒளி நம் கண்ணுக்கே மஞ்சள் பச்சையாகத் தெரியும், அதைப் பார்க்கப் புற ஊதா விளக்கு ஒன்று போதும். 1981ல் அமெரிக்காவில் சிக்கிய சிறுகுடலை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மருத்துவரின் கண், ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவி, ஃபுளோரசீன் மூன்றையும் ஒப்பிட்டதில் ஃபுளோரசீன்தான் முந்தியது. அதற்குக் குறைகள் உண்டு. திசுவில் ஊறி வெகுநேரம் தங்கிவிடுவதால் அதே ஆபரேஷனில் திரும்பப் பார்க்க முடியாது, சிலருக்குக் குமட்டல் வரும், அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வரும். லேப்ராஸ்கோப்பி பெருகியதும் ஐசிஜி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வயிற்றைத் திறந்து செய்யும் அவசர ஆபரேஷனில், சந்தேகமான ஒரு முழம் குடலை எடுப்பதா விடுவதா என்று ஒருமுறை மட்டும் தெரிந்தால் போதும் என்ற நிலையில், இந்தக் குறைகளில் முதலாவது அவ்வளவு பெரிய தடையில்லை. மாவட்ட மருத்துவமனைத் தியேட்டர்களில் இதை முறையாகச் சோதித்துப் பார்க்க யாராவது முன்வர வேண்டும் என்று விரும்புகிறேன்.